இலவச நிலம் இருந்தும் ஏன் ஒண்டுக்குடித்தனம்? வட அமெரிக்க வரலாற்றில் விரிவாக்கம், குடியேற்றம், நகர வளர்ச்சியைக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாடப்புத்தகத்தில் இவை மூன்று தனி அத்தியாயங்கள்: மேற்கு நோக்கிய விரிவாக்கம், குடியேற்றம், நகரங்களின் வளர்ச்சி. டொரொன்டோவுக்குப் பக்கத்தில் பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு எடுக்கும் நானும் முதல் சில வருடங்கள் அந்த வரிசையிலேயே போனேன். பிள்ளைகள் 1862, 1882, 1892 என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினார்கள். மறுநாளே மறந்தும் போனார்கள்.

அப்புறம் ஒரு நாள் பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "மேற்கே 160 ஏக்கர் சும்மாவே கொடுத்தாங்கன்னா, வந்தவங்க ஏன் சிகாகோவுல ஒரே அறைக்குள்ள அடைஞ்சு கிடந்தாங்க? நேரா மேற்கே போயிருக்கலாமே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான், மூன்று அத்தியாயங்களையும் ஒன்றாகக் கட்டும் கயிறு இந்தக் கேள்விதான் என்று பட்டது. அன்றிலிருந்து பாடத்தின் முதல் நாளே இதைப் பலகையில் எழுதிவிடுகிறேன், கடைசி நாள் வரை அழிப்பதில்லை. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வழிதான். 75 நிமிட வகுப்புகள் 10 இருந்தால் நிதானமாக முடிக்கலாம். 40 நிமிட வகுப்பு என்றால் 18, 19 ஆகும்.

படி 1: ஒரே ஒரு ஊரைப் பிடியுங்கள்

நியூயார்க், பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, டொரொன்டோ என்று எல்லா ஊரையும் தொட ஆசைப்பட்டால் எதுவும் நிற்காது. நான் எடுத்துக்கொள்வது சிகாகோ. மேற்கின் நிலமும், கிழக்கின் துறைமுகத்தில் இறங்கிய மனிதர்களும், ரயிலும், ஆலையும் அங்கேதான் சந்தித்துக்கொண்டன. கனடாவுக்கு ஒப்பிட வின்னிபெக். 'வடக்கின் சிகாகோ' என்று அந்தக் காலத்திலேயே பெயர் வாங்கிய ஊர் அது.

முதல் வகுப்பில் பேச்சைக் குறைத்து எண்களைக் கொடுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிகாகோ இப்படி வளர்ந்தது: 1840-இல் 4,470, 1850-இல் 29,963, 1860-இல் 1,12,172, 1870-இல் 2,98,977, 1880-இல் 5,03,185, 1890-இல் 10,99,850, 1900-இல் 16,98,575.

ஆளுக்கொரு தாள், ஒரு அளவுகோல். ஒரு சென்டிமீட்டருக்கு 50,000 பேர் என்று வைத்துப் பட்டை வரைபடம் போடச் சொல்லுங்கள். 1840-க்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது, பென்சில் முனையால் ஒரு கோடு, அவ்வளவுதான். 1870-க்கு 6 சென்டிமீட்டர். 1890-க்கு 22. 1900-க்கு வரும்போது 34 சென்டிமீட்டர் வேண்டும், தாள் போதாது. "தாள் பத்தல" என்று முதலில் ஒருவர் கத்துவார், அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். இன்னொரு தாளை மேலே ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுப்போட்ட அந்தத் தாள் பாடம் முடியும் வரை சுவரில் இருக்கட்டும்.

பிறகு இரண்டு கேள்விகள். 1871 அக்டோபரில் நகரத்தின் ஒரு பெரிய பகுதி எரிந்துபோனது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அப்படியிருந்தும் 1880-இல் பட்டை ஏன் குட்டையாகவில்லை? இரண்டாவது, 1880-க்கும் 1890-க்கும் நடுவில் மக்கள்தொகை இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது எப்படி? "நிறைய பேர் வந்தார்கள்" என்பார்கள். அது பாதி விடை. 1889-இல் சிகாகோ தன்னைச் சுற்றியிருந்த ஹைட் பார்க், லேக் போன்ற ஊர்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஒரே வருடத்தில் சுமார் 125 சதுர மைலும் 2,25,000 மக்களும் கணக்கில் ஏறிவிட்டார்கள். ஆள் வந்தும் நகரம் வளரும், எல்லைக் கோட்டை நகர்த்தியும் வளரும். 1998-இல் ஸ்கார்பரோவும் எட்டோபிகோவும் டொரொன்டோவோடு இணைக்கப்பட்ட கதையை வீட்டில் கேட்ட பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

படி 2: எல்லிஸ் தீவுக்கு முன்னால் நிலம்

நிறைய ஆசிரியர்கள் கப்பலிலிருந்தும், அதில் வந்தவர்களைப் பதிவு செய்த நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவிலிருந்தும் ஆரம்பிக்கிறார்கள். அது தவறான இடம் என்பது என் கருத்து. கப்பலிலிருந்து தொடங்கினால், வந்தவர்கள் ஒரு வெறும் கண்டத்தில் வந்து இறங்கினார்கள் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். அப்புறம் எத்தனை தடவை திருத்தினாலும் போகாது.

1833-இல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள். பொட்டவாட்டமி, ஒஜிப்வே, ஒடாவா என்ற பழங்குடி மக்கள் மிச்சிகன் ஏரிக்கு மேற்கே தங்களிடம் மிஞ்சியிருந்த சுமார் 50 லட்சம் ஏக்கரை அரசிடம் கொடுத்துவிட்டு மிசிசிப்பிக்கு மேற்கே போக வேண்டும் என்றது அது. மூன்று வருடத்துக்கு முன்னால், 1830-இல் வந்த இந்தியர் (அமெரிக்கப் பழங்குடியினர்) அகற்றல் சட்டம் அதற்குப் பின்னணி. 15 வருடம் தள்ளி 1848-ஐப் பாருங்கள். இல்லினாய்–மிச்சிகன் கால்வாய், ஊரின் முதல் ரயில், தானிய வர்த்தகச் சந்தை எல்லாம் அந்த ஒரே வருடத்தில் வந்தன. இந்த இரண்டு வருடங்களையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதினால் போதும், விளக்கவுரை தேவையில்லை.

கனடாவுக்கும் இதே வேலையைச் செய்யலாம். அரசு பழங்குடி மக்களோடு செய்துகொண்ட எண்ணிட்ட ஒப்பந்தங்களில் முதல் ஏழும் 1871-க்கும் 1877-க்கும் இடையில் கையெழுத்தாயின. கனடிய பசிபிக் ரயில்பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பர் 7-இல் அடிக்கப்பட்டது. முதலில் கையெழுத்து, பிறகு தண்டவாளம். ஒப்பந்த எல்லை வரைபடத்தை ஒளி ஊடுருவும் தாளில் எடுத்து ரயில் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தங்கள் ரயிலுக்கு வழி விட்டிருப்பது தெரியும்.

வகுப்பில் ஒரே ஒரு தடை போடுகிறேன்: 'காலி நிலம்' என்று யாரும் எழுதக் கூடாது. எழுதினால் அடைப்புக்குள் 'யாருக்குக் காலி?' என்று சேர்க்க வேண்டும்.

தமிழில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு, வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலோ வீட்டிலோ, இங்கே ஒரு சொல் சிக்கல் வரும். தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் 'குடியேற்றம்' என்று போட்டுவிடுவோம். இலங்கைத் தமிழர் வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டால், அரசாங்கம் ஆட்களைக் கொண்டுவந்து ஒரு நிலத்தில் அமர்த்துவது என்ற பொருள்தான் முதலில் வரும். துறைமுகத்தில் வந்து இறங்குவதை அவர்கள் 'குடிவரவு' என்பார்கள். யோசித்தால் இந்தப் பாடத்துக்கு அவர்களுடைய பிரிவினைதான் கச்சிதம்: மேற்கே நடந்தது குடியேற்றம், எல்லிஸ் தீவில் நடந்தது குடிவரவு. நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். 'வந்தேறி' மட்டும் வேண்டவே வேண்டாம், அது வசவு.

படி 3: 160 ஏக்கருக்கு ஒரு பட்ஜெட்

பின்வரிசைப் பையனின் கேள்விக்கு நேரடியாகக் கை வைக்கும் இடம் இது. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கருக்கு மொத்தக் கட்டணம் 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே வாழ்ந்து, வீடு கட்டி, பயிர் செய்திருக்க வேண்டும். அதன் பிறகே பட்டா.

நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஒரே வேலை கொடுங்கள்: "கையில் 18 டாலர் இருக்கிறது, நிலம் உங்களுடையது. முதல் அறுவடை வரை என்னென்ன வேண்டும்? பட்டியல் போடுங்கள்." முதல் ஐந்து நிமிடத்தில் கலப்பை, விதை, மாடு என்று வரும். கொஞ்சம் கிளறுங்கள். மரமே இல்லாத புல்வெளியில் வீடு எதால் கட்டுவீர்கள்? (புல் வேரோடு சேர்ந்த மண்கட்டிகளை வெட்டி அடுக்கிக் கட்டினார்கள்.) கிணறு? குளிருக்கு எதை எரிப்பது? வேலி இல்லாவிட்டால் பயிரை மாடு மேயாதா? முள்கம்பி வேலிக்கு ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கியது 1874-இல்தான். அதுவரை என்ன செய்தார்கள்? முதல் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு?

பட்டியல் 20 வரி தாண்டும்போது முகங்கள் மாறும். நிலம் இலவசம், பண்ணை இலவசம் இல்லை. தொடங்கவே பல நூறு டாலர் தேவைப்பட்டது. சிகாகோவின் ஏழைத் தெருக்களில் ஒரு குடும்பமே சேர்ந்து வாரத்துக்கு 10 டாலர் பார்ப்பது பெரும்பாடு. எத்தனை வருடம் சேமிக்க வேண்டும் என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

ஆனால் இந்தச் சட்டத்தை வெறும் ஏமாற்று என்று முடித்துவிடாதீர்கள். மொத்தத்தில் சுமார் 16 லட்சம் பேர் பட்டா வாங்கினார்கள், 27 கோடி ஏக்கர் கைமாறியது. அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அது. அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதை முந்தைய வகுப்பு சொல்லியிருக்கும்.

மேற்கே விளைந்த கோதுமையும் வளர்ந்த மாடும் எங்கே போயின? ரயிலேறி சிகாகோவுக்கு. 1865-இல் திறந்த யூனியன் கால்நடைத் தொழுவங்கள், ஆற்றோரத் தானியக் களஞ்சியங்கள், குளிரூட்டிய ரயில்பெட்டியில் கிழக்கே போன இறைச்சி. திரும்பும் ரயிலில் பலகை, அறுவடை எந்திரம், 1872-இல் தொடங்கிய மாண்ட்கோமரி வார்டின் தபால்வழிச் சாமான்கள். பண்ணை பெருகப் பெருக நகரத்தில் ஆலை பெருகியது. ஆலைக்கு ஆள் வேண்டும். இதற்கு அரை வகுப்பு போதும். பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

படி 4: கப்பல் பயணிகள் பட்டியலில் ஒரு வரி

இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்த வகுப்பு இதுதான். எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1-இல் திறந்தது. முதலில் பதிவானவர் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து வந்த ஆனி மூர் என்ற இளம்பெண். 1954-இல் மூடும் வரை ஏறத்தாழ 1.2 கோடி பேர் அந்த வழியாக வந்தார்கள். 1907 ஏப்ரல் 17 அன்று மட்டும் 11,747 பேர். இவ்வளவும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியுங்கள்.

மீதி நேரம் முழுக்கக் கப்பல் பட்டியலுக்கு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1907-ஐ ஒட்டிய ஒரு பட்டியலை எடுத்து, அகலமான அந்தப் பக்கத்தை இரண்டு தாளில் அச்செடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு பயணிக்கும் கிட்டத்தட்ட முப்பது கேள்விகள்: பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, கடைசியாக இருந்த ஊர், போகும் ஊர், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார், கையில் எத்தனை டாலர், யாரிடம் போகிறாய், அவர் முகவரி என்ன, சிறையில் இருந்ததுண்டா, பலதார மணம் செய்தவரா, அராஜகவாதியா. கடைசி இரண்டுக்கும் வகுப்பு சிரிக்கும். யார் 'ஆமாம்' என்று சொல்வார் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, அதை அவர்களே விவாதிக்கட்டும்.

பிள்ளைக்கு ஒரு வரி. அந்த ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுத வேண்டும், பட்டியலில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. இதுதான் கடினம். "அவர் சோகமாக இருந்தார்" என்று எழுதினால் "எந்தக் கட்டத்தில் இருக்கு?" என்று கேளுங்கள்.

பிறகு எல்லோரும் எழுந்து நின்று, கடைசி ஊர் ஒன்றாக இருப்பவர்கள் ஒரு மூலைக்குப் போகட்டும். அடுத்து, போய்ச் சேரும் முகவரி ஒன்றாக இருப்பவர்கள். ஒரே கிராமத்து ஆட்கள் ஒரே தெருவுக்குப் போகிறார்கள் என்பது கண்ணெதிரே தெரியும். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது அண்ணன், மாமா, மைத்துனன். 'சங்கிலிக் குடிவரவு' என்ற சொல்லை அதற்கப்புறம் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "எங்கட மாமா ஸ்பொன்சர் பண்ணின மாதிரி" என்று சொல்லி என் வேலையைச் சுருக்கிவிட்டாள். பையனின் கேள்விக்கு இது இரண்டாவது பதில். மனிதர்கள் வரைபடம் பார்த்துப் போவதில்லை. தெரிந்தவர் இருக்கும் இடத்துக்கே போகிறார்கள்.

எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை யாராவது நிச்சயம் எடுப்பார்கள். அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர்கள் பெரும்பாலும் பிறகு, அவரவரே மாற்றிக்கொண்டவை. அப்புறம், அந்தத் தீவுக்குப் போனது மூன்றாம் வகுப்புப் பயணிகள்தான். முதல், இரண்டாம் வகுப்பினரைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை, என் தவறிலிருந்து. ஒரு வருடம் வகுப்பையே எல்லிஸ் தீவாக்கி, சிலரை அதிகாரியாகவும் மற்றவர்களை வந்தவர்களாகவும் நடிக்க வைத்தேன். அதிகாரிகள் அதட்டினார்கள், சிரிப்பு வேறு. நடுவில் ஒரு மாணவி பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். அவள் குடும்பத்தின் அகதி விசாரணை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. அதோடு நடிப்பை விட்டேன். காகிதம் போதும்.

படி 5: கதவு யாருக்கு மூடியிருந்தது

சட்டங்களை வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். இரண்டு கனடியத் தொகைகளை மட்டும் எழுதிக் காட்டுங்கள்: 10 டாலர், 500 டாலர். முதலாவது, 1872-இன் டொமினியன் நிலச் சட்டப்படி 160 ஏக்கருக்குக் கட்டணம். இரண்டாவது, 1903-இலிருந்து ஒரு சீனர் கனடாவுக்குள் நுழையக் கட்ட வேண்டிய தலைவரி. 1885-இல் 50 டாலராகத் தொடங்கி, 1900-இல் 100 ஆகி, அப்புறம் 500 ஆனது. 1885, கடைசி ஆணி அடித்த அதே வருடம் என்பதை யாராவது கண்டுபிடிக்கிறார்களா பாருங்கள். மலைகளைக் குடைந்து அந்த ரயில்பாதை போட்டதில் ஆயிரக்கணக்கான சீனர்கள் உண்டு. 1923-இல் வரியையும் எடுத்துவிட்டு, கதவையே சாத்தினார்கள். அது 1947 வரை திறக்கவில்லை. ஒரே அரசு ஒருவருக்கு நிலம் கொடுத்து அழைக்கிறது, இன்னொருவரிடம் காசு வாங்கித் தடுக்கிறது. ஏன் என்று ஒரு முழு வகுப்பு பேசலாம்.

அமெரிக்காவில் 1882-இன் சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை இருந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் 1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையத்தில், காவலில் இருந்த சீனர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன. இரண்டைப் படித்துக்காட்டுங்கள்.

1924-இன் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்துக்கு ஒரு புதிர்: ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கீடு, அந்த நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்களில் 2 சதவீதம். ஆனால் கணக்கு எடுத்தது 1890-இன் கணக்கெடுப்பிலிருந்து. புதிய கணக்கு இருக்கும்போது 34 வருடம் ஏன் பின்னால் போனார்கள்? இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருமளவில் வந்தது 1890-க்குப் பிறகுதான். இதைப் பிள்ளைகளே சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

இந்தியர் கதையில் 'கோமகட்டா மாரு'வை விட முடியாது. 1908-இன் கனடிய விதி, பிறந்த நாட்டிலிருந்து இடைநிற்காமல் வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றது. 1914 மே 23-இல் 376 பேருடன் வான்கூவர் வந்த கப்பல் இரண்டு மாதம் நீரிலேயே நின்றது. 24 பேரை மட்டும் இறங்கவிட்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவிலோ 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சிகாகோவோடு இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் விரும்பியிருந்தாலும் அன்று குடிமகனாகியிருக்க முடியாது. 1946-இல் சட்டம் மாறியது, இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டோடு. அவர் குடியுரிமை பெற்றது 1953-இல்.

படி 6: ஒரு தெருவுக்கு வண்ணம் அடித்தல்

1889-இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லத்தைத் தொடங்கினார்கள். அங்கே குடியிருந்தவர்கள், ஃபுளோரன்ஸ் கெல்லி உட்பட, அக்கம்பக்கத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி எடுத்த கணக்கு 1895-இல் வரைபடங்களாக வெளிவந்தது. மொத்தமே சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் 18 தேசத்தவர். ஒரு வரைபடத்தில் யார் எந்த நாட்டவர், இன்னொன்றில் குடும்பத்தின் வார வருமானம். 5 டாலருக்குள் என்றால் கறுப்பு, 20-க்கு மேல் என்றால் மஞ்சள்.

இந்த வரைபடங்களும் இணையத்தில் உண்டு. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, கலர் பென்சிலோடு கொடுத்து, அசலைத் திரையில் பார்த்துப் பார்த்து ஒரு தெருவை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். பதினோராம் வகுப்புக்குக் கலர் பென்சிலா என்று சக ஆசிரியர் ஒருவர் கேலி செய்தார். செய்யட்டும். கை நகரும் வேகத்தில்தான் கண் பார்க்கிறது. ஒரே மனைக்குள் நான்கு நிறம் வரும்போது, முன்பக்க வீடு, அதன் பின்னால் ஒரு வீடு, ஒவ்வொன்றிலும் பல குடும்பம் என்பது புரியும். நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்று சொன்னால் தாத்தா பாட்டிக்கே தெரியும். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, மெத்தைப்படியில் சண்டை. அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

வண்ணம் அடித்து முடித்ததும் கேட்கவேண்டியது: மஞ்சள் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே? கறுப்பு யாருடைய வீடுகளில் அதிகம்? இந்தக் கணக்கை எடுத்தவர்கள் யார், கேட்கப்பட்டவர்கள் உண்மை சொல்லியிருப்பார்களா?

புகைப்படங்களில் இன்னும் கவனம் வேண்டும். நியூயார்க் ஒண்டுக்குடித்தனங்களை வெளிச்சப்பொடி வெடித்து இரவில் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், தானே டென்மார்க்கிலிருந்து வந்தவர். 1890-இல் புத்தகமாக வந்த அந்தப் படங்கள் சட்டங்களை மாற்ற உதவின. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதியவற்றில் இத்தாலியர், சீனர், யூதர் மீதான இளக்காரம் நிறைய. முதலில் படத்தை மட்டும் காட்டி எழுத வையுங்கள், மறுநாள் எழுத்தைக் கொடுங்கள். டொரொன்டோவுக்கு ஆர்தர் காஸ் எடுத்த 'வார்டு' பகுதிப் படங்கள் இருக்கின்றன. அந்தச் சேரி இருந்த இடத்தில்தான் இன்றைய நகர மண்டபம் நிற்கிறது என்றால், பள்ளிச் சுற்றுலாவில் அங்கே ஐஸ் ஸ்கேட்டிங் செய்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

நேரம் மிஞ்சினால் சாக்கடை. சிகாகோ தன் கழிவை ஆற்றில் விட்டது, ஆறு ஏரியில் கலந்தது, குடிநீரும் அதே ஏரியிலிருந்து. 1900-இல் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே திருப்பி, கழிவை மிசிசிப்பி பக்கம் தள்ளினார்கள். கீழே இருந்த செயின்ட் லூயிஸ் சும்மா இருக்குமா? மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது, 1906-இல் தோற்றது. எந்த வகுப்பும் தூங்காத பாடம் இது.

படி 7: கடைசி எழுத்து

'குடிவரவின் காரணங்களை விளக்குக' என்று கேட்டால் இணையத்திலிருந்து ஒட்டிக் கொடுப்பார்கள். நான் பலகையில் இருக்கும் கேள்வியையே தேர்வாகக் கொடுக்கிறேன்: இலவச நிலம் இருந்தும் ஏன் ஒண்டுக்குடித்தனம்? இரண்டு பக்கம். வகுப்பில் கையாண்ட பொருள்களிலிருந்து மூன்று சான்று: ஒரு எண், ஒரு வரைபடம், ஒரு சட்டம் அல்லது ஒப்பந்தம். மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

குடும்பத்தாரைப் பேட்டி காணும் வேலையை விருப்பத் தேர்வாக மட்டும் வையுங்கள். சில வீடுகளில் அது இனிய மாலைப் பொழுது, சில வீடுகளில் யாரும் பேச விரும்பாத விஷயம். வேண்டாதவர்களுக்குக் கப்பல் பட்டியலில் இருந்து இன்னொரு வரி கொடுத்துவிடலாம், காரணம் கேட்க வேண்டாம்.

கேள்வி கேட்ட பின்வரிசைப் பையன் அந்த வருடம் நன்றாகவே எழுதியிருந்தான். நிலம் இலவசம், ஆனால் முதல் அறுவடை வரை சாப்பிடக் காசு வேண்டும், அந்தக் காசு ஆலையில் இருந்தது, ஆலைக்குப் பக்கத்தில் மாமா இருந்தார் என்று நான்கே வரியில் முடித்துவிட்டான். வரைபடம், எண், ஹோம்ஸ்டெட் சட்டம் எல்லாம் சரி. பொட்டவாட்டமி மக்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. இரண்டு மார்க் குறைத்தேன். "நீங்க கேட்டது ஒண்டுக்குடித்தனத்தைப் பத்திதானே" என்று மறுநாள் சண்டைக்கு வந்தான். சுவரிலிருந்த அவனுடைய ஒட்டுப்போட்ட தாளைக் கழற்றிக் கொடுத்து, 1840 கோட்டுக்கு இடது பக்கம் 1833-ஐ எங்கே போடுவாய், அதில் யாரை எண்ணுவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சில் இருக்கா என்றான்.